அல்ஹாம்ப்ராவில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர்

என் மாமனார் திருநெல்வேலி டவுனில் நாற்பது வருஷம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். போன மாதம் எங்களோடு தங்க வந்திருந்தார். விருந்தாளி வந்தால், இந்தியக் கடைகள் நிறைந்த ஆர்ட்டீசியாவுக்குக் கூட்டிப்போய் தோசை வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாமா வேண்டாம் என்றுவிட்டார். "அத வீட்டுலயே சாப்பிடுதோமே மாப்பிள்ள. இந்தப் பக்கத்துக்காரங்க என்ன சாப்பிடுதாங்களோ அதக் காட்டுங்க."

நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே, சான் கேப்ரியல் பள்ளத்தாக்கில். இந்தப் பக்கத்துக்காரர்கள் என்றால் பெரும்பாலும் சீனர்கள். பக்கத்திலிருக்கும் மான்டரே பார்க்கில் 1990 கணக்கெடுப்பிலேயே ஆசியர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். வேலி புலவார்டு என்கிற சாலை நெடுக ஹூனான், ஷாங்காய், ஷான்ஷி, தைவான் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிக் கடை. நான் அடிக்கடி போவது இங்கேயே இருக்கும் அல்ஹாம்ப்ரா என்ற ஊரில், ஒரு சலவைக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் இருக்கும் சிச்சுவான் கடைக்கு. பத்து மேஜைதான். சுவரில் சீன எழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகள்தான் அங்கே உண்மையான மெனு.

மாட்டுக்கறி மாமாவுக்கு ஆகாது. அதனால் கத்தரிக்காய், பாசிப்பயறு மாவில் செய்த குளிர்ந்த கூழ்க்கட்டி, தண்ணீரில் வேகவைத்த மீன் என்று சொன்னேன். அப்புறம் தண்தண் நூடுல்ஸ், கறி போடாமல். 'தண்' என்றால் தோளில் போடும் சுமைக்கம்பு. ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் நூடுல்ஸும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர். "காவடின்னு சொல்லுங்க" என்றார் மாமா. அதேதான்.

தண்ணீரில் வேகவைத்த மீன் என்றால் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறதா? வந்தது ஒரு பெரிய கிண்ணம். அடியில் முளைகட்டிய பயறு, அதன்மேல் மாவில் புரட்டி வேகவைத்த மெல்லிய மீன் துண்டுகள், அதற்கும் மேல் காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும். கொதிக்கக் கொதிக்க எண்ணெயைக் கடைசியில் மேலே ஊற்றிக் கொண்டுவருவார்கள். மேஜைக்கு வந்த பிறகும் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. நாம் தாளித்துக் கொட்டுவதேதான், கொஞ்சம் பெரிய கையாக.

இந்தக் கடையின் சமையலில் எனக்கு உயிர் அந்த மிளகுதான். நம் ஊரில் 'செஷ்வான்' என்று விற்கும் சிவப்புச் சாஸில் மிளகாயும் பூண்டும்தான் தெரியும், இது தெரியாது. சிச்சுவான்காரர்கள் சுவையை 'மாலா' என்கிறார்கள். 'லா' என்பது காரம். 'மா' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான் பல வருஷமாகத் தேடுகிறேன். மரத்துப்போவது என்றால் பாதிதான் சரி. உதடு மரக்கும்போதே சிலுசிலுவென்று அதிரும். 2013இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இந்த மிளகைச் சிலரின் உதட்டில் தடவி, விரலில் ஓர் அதிர்வையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். நொடிக்குச் சுமார் 50 துடிப்பு என்று கணக்கு வந்தது. அதாவது இது சுவையே இல்லை, தொடு உணர்ச்சி.

மாமா இரண்டு துண்டு மீன் சாப்பிட்டார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று என் மனைவி பதறினாள். அவர் கையால் நிறுத்தினார். "அக்கரகாரம்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சின்ன வயதில், பேச்சு திருந்த வேண்டும் என்று பாட்டி என் நாக்கில் தேய்த்த வேர் அது. அதே சிலுசிலுப்பு, அதே எச்சில் ஊறல். இத்தனை வருஷம் தேடியும் அது என் நினைவுக்கு வரவே இல்லை.

மாமா அதோடு விடவில்லை. கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது மிளகு இல்ல மாப்பிள்ள. வெறும் தொலி. உள்ள வெத இருந்து வெடிச்சிருக்கு." நகத்தால் கீறி முகர்ந்தார். "நாரத்த வாசன."

சரியாகச் சொன்னார். இந்தச் செடி எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த குடும்பம். அந்த உறவினாலேயே, எலுமிச்சை இனத்தைத் தாக்கும் சொறிநோய் வந்துவிடும் என்று பயந்து அமெரிக்கா 1968 முதல் 2005 வரை இதை இறக்குமதி செய்யத் தடை போட்டிருந்தது. பிறகு, சூடுபடுத்தி அனுப்பினால் போதும் என்று விட்டார்கள். ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த இந்தப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பரிமாறும் அம்மாவிடம் சமைக்காத மிளகு கொஞ்சம் காட்டச் சொன்னோம். சின்னத் தட்டில் கொண்டுவந்தார். மாமா உள்ளங்கையில் கொட்டி, ஊதி, கறுப்பு விதைகளையும் காம்பையும் ஓரமாக ஒதுக்கினார். "பொடச்சு எடுக்கல. வெத பல்லுல நறநறங்கும்." நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் ஊரில் பாட்டியும் இப்படித்தான் பொறுக்குவாராம். ஊர் ஸிகோங். உப்பு விளைகிற ஊர் என்றார்.

"கடல் இல்லாத இடத்துல உப்பா?" தூத்துக்குடி உப்பைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது நம்ப முடியவில்லை. நிலத்தடி உப்புநீரை மூங்கில் குழாயால் இறைத்துக் காய்ச்சுவார்களாம். அங்கே 1835இல் தோண்டிய கிணறு ஒன்று ஆயிரம் மீட்டருக்கும் ஆழம். மாமா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மீனைத் தொடவில்லை.

திரும்பும்போது பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் வாங்கினோம். அன்று இரவே தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு விதைகூட விடாமல் மாமா பொறுக்கி எடுத்தார். பாட்டிலில் போட்டதும், 'சீன அக்கரகாரம்' என்று எழுதி ஒட்டட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார். "அது வேரு, இது தொலி. கடையில அப்படி மாத்தி எழுதக் கூடாது." அவரே பேனாவை வாங்கி 'சீனத் தொலி' என்று எழுதினார்.

நேற்று அதில் கால் ஸ்பூன் வறுத்துப் பொடித்து வாழைக்காய் வறுவலில் தூவினேன். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் உதடு அதிர்ந்துகொண்டிருந்தது.