பிரபலத்தை அழைத்து ஒரு நிதி நடை: ஆயத்தக் குறிப்பேடு

ஜனவரி 4
இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை ஒரு நடை, தோட்டப் பாடசாலை நூலகத்துக்காக. முன்னால் நடக்க ஒரு கிரிக்கெட் வீரர். "பேர் வாங்கத்தானே வாறார்" என்பார்கள். வாங்கட்டுமே! 2011இல் ஒரு நிதி நடையில், தெற்கு முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறைக்கு 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த பணம் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் அதே பாதையைத் தலைகீழாக நடந்தது காலி கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்காக. அதில் கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் முன்னின்றார். நோட்டீஸ் ஒட்டினால் திரும்பிப் பார்க்காத சனம், தெரிந்த முகம் வியர்த்து நடந்து வந்தால் வாசலுக்கு வரும்.

ஜனவரி 9
தண்ணீர். பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ் 2011இல் நிதி சேர்க்கத் தேம்ஸ் நதியில் 140 மைல் நீந்தியபோது ஆற்றுத் தண்ணீரே அவர் வயிற்றைக் கெடுத்தது. நமது பீலித் தண்ணீரும் பளிங்குபோல்தான் இருக்கும். மேலே லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மருந்தடித்த தேயிலையும் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கொதித்தாறிய நீர் மட்டும். வெறும் நீரை மடமடவென்று குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும். இடையிடையே ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்), ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லீட்டர் நீர்.

ஜனவரி 15
ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காலைக் கெடுப்பது இறக்கம். பாதம் முன்னால் சறுக்கி விரல் நுனி சப்பாத்தில் இடிக்கும். மறுநாள் நகம் கறுக்கும். நகத்தை மூன்று நாள் முன்பே நேராக வெட்டவும். கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கி, விரல் பக்கம் தளர விடவும். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைக்கும். ஈரத்தோல் உரசினால் கொப்புளம். உள்ளே மெல்லிய நைலோன், மேலே தடித்தது. சுள்ளென்று எரியும் இடத்தில் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். "அடுத்த வளைவில் பார்ப்போம்" என்றால் தோல் போய்விடும்.

இரத்தம் உறிஞ்சும் அட்டை தார் வீதியில் இல்லை, ஒதுங்கி உட்காரும் புல்லில் இருக்கிறது. காலுறையில் காய்ந்த சவர்க்காரம் தேய்க்கலாம். கடித்தால் இழுக்காமல் வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நகர்த்தவும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அதனால் கொஞ்ச நேரம் வழியும். பயப்பட ஒன்றுமில்லை.

ஜனவரி 21
இன்னொரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் எடி இஸார்ட், நிதி சேர்க்க 2009இல் 51 நாளில் 43 மரதன் ஓடினார். வாரம் ஆறு நாள்தான். ஓய்வும் திட்டத்திலேயே இருந்தது. நமக்கு ஓய்வைத் தின்னப்போவது செல்ஃபி. ஒரு கிலோமீற்றருக்கு 12 நிமிடம் என்று கணக்குப் போட்டால் கூட்டத்தில் 20 ஆகும். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தரிப்பு, 15 நிமிடம். படம் அங்கே மட்டும். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் வளைவில் தரிக்கக் கூடாது. பஸ் திரும்ப இடம் வேண்டும்.

ஜனவரி 27
பணம். உண்டியலுக்கு இலக்கமிட்டு இருவர் கையெழுத்தோடு முத்திரை, திறக்கும்போதும் அதே இருவர். பற்றுச்சீட்டு கார்பன் பிரதியோடு. டீசேர்ட், சாப்பாட்டுச் செலவை வேறொருவர் ஏற்காவிட்டால் டீசேர்ட்டே வேண்டாம்.

பெரிய தொகை உண்டியலில் வராது, வாக்குறுதித் தாளில் வரும்: ஒருவர் கிலோமீற்றருக்கு 10 ரூபாய் தருவேன் என்று எழுதினால் 20 கிலோமீற்றருக்கு 200. ஆனால் அது வாக்குத்தான். ஒரு வாரம் ஆறவிட்டால் பாதி கரைந்துவிடும். தாளில் பாதி கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளிடம் போகட்டும். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். ஆகவே நடை 8ஆம் திகதி, வசூல் 10ஆம் திகதி பின்னேரம், கடைக்காரர் கடன் கொப்பியைத் திறப்பதற்கு முன்.