முழங்கை மடங்காத ரோபோ: ஆறு வாரக் கணக்கு

நானே உள்ளே நுழைந்து போட்டுக்கொள்ள ஒரு ரோபோ உடை செய்துகொண்டிருக்கிறேன். ஆறு வாரத்தில் கையில் இருப்பது: ஒரு தலை, ஒரு மார்பு, ஒன்றரைக் கை. இரண்டு கையும் முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். அந்த முதல் கை வாங்கிய வேலையைப் பார்த்த பிறகு, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பழைய அறிவியல் புனைகதைப் படங்களில் ஆள் உள்ளே நுழைந்து நடித்த ரோபோக்கள் மேல் எனக்கு ஒரு பித்து. கணினியில் வரைந்த ரோபோ எப்படி வேண்டுமானாலும் வளையும். உள்ளே ஆள் இருக்கும் ரோபோவுக்கு ஒவ்வொரு மூட்டும் ஒரு சிக்கல். அதை நானே ஒன்று செய்து, போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எந்தப் படத்தின் நகலும் இல்லை, சொந்த வடிவம்தான்.

பொருள் ஈவிஏ ஃபோம், அதாவது தாளாகக் கிடைக்கும், வெட்டி ஒட்டக்கூடிய மெத்தென்ற நுரைப் பொருள். மார்புக்கு 10 மில்லிமீட்டர், கைக்கு 5, மேல் அலங்காரத்துக்கு 2. அளவு எடுக்க, கையை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் தையல் கோடுகளை வரைந்து, வெட்டி எடுத்து விரித்தால் பேட்டர்ன், அதாவது ஃபோமை வெட்டுவதற்கான அளவு வடிவம், தயார். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வெட்டுவதற்கு முன் கோடுகளின் குறுக்கே இரண்டு விரலுக்கு ஒன்றாகச் சின்னக் கீறல்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டும்போது எது எதோடு சேரும் என்று அந்தக் கீறல்கள்தான் சொல்லும். நான் முதல் தடவை போடவில்லை. தோள்பட்டைத் துண்டு மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

ஃபோமை ஒட்டும் பசையான கான்டாக்ட் சிமென்ட் பொறுமைக்கான பரீட்சை. இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும், எனக்குப் பத்து நிமிடம் ஆனது. பதம் வந்த பிறகு தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அந்த நெடி தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

இப்போது முழங்கைக்கு வருகிறேன். கையைத் தொங்கவிட்டு நேராக வைத்துக்கொண்டு பேட்டர்ன் எடுத்தேன். குழாய் மாதிரி அழகாக வந்தது. போட்டுக்கொண்டு மடக்கினால், கால்வாசிகூட மடங்கவில்லை. உள்மடிப்பில் ஃபோமின் விளிம்பு கத்தி மாதிரி அறுத்தது. மூன்று நாள் சிவப்புக் கோடு இருந்தது.

1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் இயந்திரப் பெண்ணை அப்போதுதான் மறுபடி நினைத்துக்கொண்டேன். சிற்பி வால்டர் ஷுல்ட்ஸே-மிட்டென்டார்ஃப், நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலை அச்சு எடுத்து, காற்றுப் பட்டதும் இறுகும் ‘பிளாஸ்டிக் மரம்’ என்ற பசையை மாவு மாதிரி உருட்டி அதன்மேல் போர்த்திக் கவசம் செய்தார். மேலே வெள்ளிப்பூச்சு. திரையில் உலோகமாகவே தெரிகிறது. உள்ளே இருந்தவருக்கோ சிராய்ப்பும் காயமும். என் சிவப்புக் கோட்டுக்கு நூறு வருடப் பாரம்பரியம் இருக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

முதல் தீர்வாக முழங்கை முழுவதையும் 2 மில்லிமீட்டர் ஃபோமில் செய்தேன். மடங்கியது, ஆனால் கழன்று விழும் சாக்ஸ் மாதிரி சுருங்கியது. உலோகம் சுருங்காதே! 1951-இன் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வரும் கார்ட் ரோபோவுக்கு இரண்டு உடைகள் செய்திருந்தார்கள். ஒன்றுக்குத் திறப்பு முன்னால், இன்னொன்றுக்குப் பின்னால். கேமரா எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் திறப்புள்ள உடையைப் போட்டால், ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. அந்த ரோபோ பெரும்பாலும் அசையாமல் நிற்கும். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, ஆனால் நிற்பதற்காகவா ஆறு வாரம் ஃபோம் வெட்டினேன்?

வழி கிடைத்தது ‘ஸ்டார் வார்ஸ்’ தங்க ரோபோவின் வயிற்றில். சி-த்ரீபிஓ என்ற அந்த ரோபோவின் இடுப்புக்கு மேலே பளபளப்பு நின்றுபோய், வண்ண வண்ண ஒயர்கள் தெரியும். சின்ன வயதில் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். உடம்பு வளைய வேண்டிய இடம் அது. அங்கே தகடு வைத்தால் ஆள் திரும்ப முடியாது. மறைக்க முடியாத இடத்தை இயந்திரத்தின் குடலாகவே காட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

அதையே செய்தேன். உள்மடிப்பில் பிறை வடிவில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, கறுப்பு எலாஸ்டிக் துணி வைத்து, அதன்மேல் பென்சில் கனத்தில் ஃபோம் பட்டிகளை இடைவெளி விட்டு ஒட்டினேன். வெளிப்பக்கம் இரண்டு போலி பிஸ்டன்கள். ஒரு முனைதான் ஒட்டியிருக்கும், மறுமுனை உறைக்குள் வழுக்கும். கை இப்போது மூக்கைச் சொறியும் அளவுக்கு மடங்குகிறது. தலைக்கவசம் இருப்பதால் மூக்கு எட்டாது, அது வேறு விஷயம்.

தலைக்கவசத்தில் பிரச்சினை பார்வை. ரோபோவின் கண்ணும் என் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கத் தேவையில்லை என்று புரிந்ததும் பாதி வேலை முடிந்தது. வாய்ப் பகுதியில் கிடைமட்டப் பட்டைகள் வைத்து, பின்னால் கறுப்பு வலைத்துணி ஒட்டி, அதன் வழியாகப் பார்க்கிறேன். எல்இடி கண்கள் என் நெற்றிக்கு மேலே. மூச்சின் ஈரத்துக்கு ஒரு 5 வோல்ட் குட்டி ஃபேன். அது போடும் ‘ங்ங்ங்’ சத்தத்தை அடக்கப் பார்த்து விட்டுவிட்டேன். வெளியே கேட்பவர்களுக்கு அது ரோபோவின் குரலாக இருக்கிறது.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக: ஹீட் கன்னின் சூடான காற்றைக் காட்டி ஃபோமின் துளைகளை மூடி, வளையும் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு), பளபளப்பான கறுப்பு, அதன்மேல் வெள்ளி. முன்கையில் பிரைமரைத் தவிர்த்தேன். ஓரம் முழுக்க பெயின்ட் முதலைத் தோல் மாதிரி வெடித்துவிட்டது.

போன ஞாயிறு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். மகள் வீடியோ எடுத்தாள். “அப்பா, முதுகு பிடிச்ச மாதிரி நடக்குறீங்க. ஆனா நல்லா இருக்கு, அப்படியே நடங்க” என்றாள். நடிப்பு எதுவும் இல்லை, மார்புத் தகடு என்னை அப்படித்தான் நடக்க விட்டது. சி-த்ரீபிஓவாக நடித்த அந்தோனி டேனியல்ஸ் ஊமை நாடகம் பயின்றவர். ஆனாலும் அந்தக் குட்டி அடிகளில் பாதி உடையின் வேலையாகத்தான் இருக்கும் என்று இப்போது நம்புகிறேன். முதல் முறை அந்த உடையை முழுதாகப் போட்டு நடந்த அன்றே கால் கவசம் உடைந்து பாதத்தில் குத்தியதாம்.

அடுத்தது இடது கை. வலது கைப் பேட்டர்னைத் திருப்பிப் போட்டிருக்கலாம், ஆனால் அது கையை நேராக வைத்து எடுத்தது. இந்த முறை கையைப் பாதி மடக்கி வைத்துத்தான் எடுத்தேன், கீறல்களும் போட்டாயிற்று. கான்டாக்ட் சிமென்ட் டப்பாவைத் திறந்தால்தான் தெரிகிறது, மூடியைச் சரியாக மூடவில்லை. உள்ளே ரப்பர் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது.