அறுக்குளாவில் ஜியாவ்சி

வட சீனத்தில் புத்தாண்டுக்கு முதல்நாள் இரவு குடும்பமே சுற்றியிருந்து பிடிக்கிற ஜியாவ்சிக்கு, அதாவது மெல்லிய மாத்தோலுக்குள் உள்ளீடு வைத்து மடித்து வேகவைக்கிற பண்டத்துக்கு, பன்றி இறைச்சியும் சீனக் கோவாவும்தான் வேணும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சாண்டொங் கடற்கரைப் பக்கம் அதை மீனிலும் செய்கிறார்கள், அதுவும் நம்ம அறுக்குளாவின் இனத்து மீனில். முல்லைத்தீவு மீன் வீட்டு வாசலுக்கு வருகிற வன்னியில் இருந்துகொண்டு இறைச்சிக்கு ஏன் அலைவான்?

முதலில் மா. புட்டுக்கு அவித்து அரித்து வைத்திருக்கிற கோதுமை மாவை மட்டும் தொடாதீங்கோ. அவித்த மா இழுபடாது, மெல்லிசாகத் தட்டினால் பிய்ந்து போகும். பச்சை மா 300 கிராமுக்கு 150 மில்லிலீற்றர் பச்சைத்தண்ணீர், கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். ரொட்டிக்குக் குழைப்பதைவிட இறுக்கமாக இருக்கும், கை நோகும், தண்ணீரைக் கூட்டாமல் ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் விட்டால் அதே மா இளகிக் கொடுக்கும்.

மீனைத் தோலும் முள்ளும் நீக்கிக் கத்தியால் நன்றாகக் கொத்துங்கோ. உப்பு, முட்டை வெள்ளைக்கரு, இஞ்சி ஊறிய தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருக்க, மீன் அதைக் குடித்து வெளிறி, பசை மாதிரிக் கரண்டியில் ஒட்டும். இதில் அவசரப்பட்டால் உள்ளே காய்ந்த கட்லட்தான் கிடைக்கும். அங்கே சீன வெங்காயப்பூண்டுத் தாள் போடுவார்கள், நான் லீக்ஸ் பொடியாக வெட்டி, கடைசியில் நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டுவேன்.

சின்ன உருண்டையாகக் கிள்ளித் தட்டி, இடது கையால் திருப்பித் திருப்பி, வலது கையால் போத்தலை ஓரத்தில் மட்டும் உருட்டுங்கோ. நடு தடிப்பாக இருந்தால்தான் பாரம் தாங்கும், ஓரம் மடிப்பில் இரட்டிப்பாகும் என்பதால் அது மெல்லிசாக வேணும். நடுவில் மீன் கலவையை வைத்து மடித்து, கரையை அமத்தி ஒட்டும்போது உள்ளே காற்று நிற்கக் கூடாது.

அம்மா எட்டிப் பார்த்து, “உதென்ன பிள்ளை, மீன் கொழுக்கட்டையோ?” என்றா. சரி, அப்படியே வைத்துக்கொள்வம்.

கொதிதண்ணீரில் போட்டு, பொங்கி வரும்போது ஒரு கோப்பை பச்சைத்தண்ணீர் விடவேணும், இப்படி மூன்று தரம். தோல் வெடிக்காமல் உள்ளே வேகத்தான் இந்த வேலை. தொட்டுக்கொள்ள அவர்களுக்குக் கறுப்பு வினாகிரி, எங்களுக்குத் தென்னங்கள் வினாகிரியும் சோயா சோஸும் இடித்த உள்ளியும். மிஞ்சினால் காலமை தாச்சியில் எண்ணெய் விட்டு அடியை முறுக விடுங்கோ, எனக்கு அதுதான் கூட விருப்பம்.