அறுபது பேர், அறுபது கிளெய்ம்: ஓப்ரா டின் நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025, சனி

1802-இல் 200 டன்னுக்கு மேல் சரக்கோடு லண்டனிலிருந்து கீழை நாடுகளுக்குக் கிளம்பிய 'ஓப்ரா டின்' என்ற வணிகக் கப்பல், நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவே இல்லை. கடலில் போயிற்று என்று கணக்கை முடித்துவிட்டார்கள். 1807 அக்டோபரில் ஒரு காலை, கிழிந்த பாய்களோடு, ஆள் அரவம் இல்லாமல் ஃபால்மத் துறைமுகத்துக்கு அது தானாக மிதந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இன்சூரன்ஸ் அலுவலரை அனுப்புகிறது: ஏறிப் பார், யார் யாருக்கு என்ன ஆனது என்று எழுதிக்கொண்டு வா. அந்த அலுவலர்தான் நாம்.

இதுதான் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற கம்ப்யூட்டர் கேம், 2018-இல் வந்தது. தம்பி வாங்கிக் கொடுத்து வெகுநாள் லேப்டாப்பில் தூங்கியது. "உன் வேலையை வச்சே ஒருத்தன் கேம் பண்ணியிருக்கான்க்கா" என்று சொல்லிச் சொல்லி நச்சரித்துவிட்டான். எனக்குச் சோறு போடுவது மோட்டார் இன்சூரன்ஸ் கிளெய்ம். லாரி, பைக், ஷேர் ஆட்டோ. கப்பலைத் தொட்டதில்லை. ஆனாலும் ஆள் இல்லாத இடத்துக்குப் போய் நடந்ததை ஊகித்து ரிப்போர்ட் எழுதுவது எப்படியிருக்கும் என்று ஓரளவு தெரியும்.

இன்றைக்குப் படகிலிருந்து ஏணியில் ஏறியதோடு சரி. கரண்ட் போய்விட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

கையில் ஒரு கடிகாரமும் ஒரு புத்தகமும். எலும்புக்கூட்டின் அருகே நின்று கடிகாரத்தைத் திறந்தால் முதலில் திரை இருண்டுவிடும். குரல்கள், காலடிச் சத்தம், கதவை இடிக்கும் ஓசை, துப்பாக்கி வெடி மட்டும் கேட்கும். அப்புறம் அந்த ஆள் செத்த நொடி உறைந்து நிற்கும். அதற்குள்ளே நடந்து, குனிந்து, பின்னால் போய் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். எதையும் தொட முடியாது.

புத்தகத்தில் அறுபது பேரின் முகங்கள், கப்பல் ஓவியர் வரைந்து வைத்தவை. ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், எப்படிச் செத்தார், யார் கொன்றது என்று நிரப்ப வேண்டும். மூன்று பேருடைய விவரம் முழுக்கச் சரியாக அமைந்தால்தான் கேம் வாய் திறக்கும். அந்த மூன்றும் கையெழுத்திலிருந்து அச்செழுத்துக்கு மாறிவிடும். அதுவரை சரியா தப்பா என்று ஒரு முனகல்கூடக் கிடையாது.

கிளெய்ம் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த விதி சட்டென்று பிடித்துப்போகும். ஒற்றைத் தாளை நம்பி நாங்களும் கையெழுத்துப் போடுவதில்லை. எஃப்.ஐ.ஆர்., ஸ்பாட் போட்டோ, ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் முடிச்சு அழகானது. கேப்டன் தன் மனைவியிடம், உன் அண்ணனையும் சுட்டுவிட்டேன் என்கிற மாதிரி புலம்புகிறார். பயணிகள் பட்டியலைப் புரட்டினால் மனைவியின் பெயருக்கு நடுவில் 'ஹாஸ்கட்' என்று ஒரு குடும்பப் பெயர். அதே பெயர் முதல் மேட்டுக்கும், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரிக்கும், இருக்கிறது. யாரும் விரல் நீட்டிச் சொல்லவில்லை. பட்டியலைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தானாகக் கிடைக்கிறது.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

துறையூரில் எல்லோரும் கூடியிருந்தோம். லேப்டாப்பைத் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு தீர்ப்பு.

தம்பி இதை முடித்து வருடங்கள் ஆகின்றன. திரும்ப ஆட வழியே இல்லை என்பது அவன் நிரந்தரக் குறை. விடை தெரிந்துவிட்டால் இந்தக் கேமில் வேறு எதுவும் மிச்சமில்லை. சண்டை கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆகவே இதை ஆடி முடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி: புதிதாக ஆடுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. "ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா, பார்க்க மட்டும் விடு" என்றான். வாய் சொல்லவில்லைதான். நான் ஒரு பெயரை எழுதப் போகும்போது அவன் மூச்சு விடும் விதத்திலேயே பாதி விடை தெரிந்தது. எழுந்து போகச் சொன்னேன்.

பெரியப்பா மகன் இதைப் பாதியில் விட்டவன். அவன் புகார் நடையைப் பற்றியது. ஏற்கெனவே பார்த்த ஒரு நினைவைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அழுத்தினால் போதாது. கப்பலில் அந்த எலும்பு கிடக்கும் இடத்துக்கு நடந்தே போக வேண்டும். கீழ்த்தளம், மேல்தளம், மறுபடி கீழ்த்தளம். "இது கேம் இல்ல, மாடிப்படி ஏறுற எக்சர்சைஸ்" என்றான். நியாயம்தான். இதற்குத் தம்பி சொல்லும் சமாதானம், அப்படி நடந்து நடந்துதான் கப்பல் மனதில் பதிகிறது என்பது. முதல் இருபது பேர் வரைக்கும் அதை ஏற்கலாம். அதற்குப் பிறகு ஒரே ஒருவனின் தொப்பியைச் சரிபார்க்க இவ்வளவு தூரம் நடப்பது வீண் என்றுதான் படுகிறது.

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும்தான். சாம்பல்கூட இல்லை, எல்லாம் புள்ளிகள். பழைய மேக்கின்டாஷ் திரையில் சிறுவயதில் ஆடிய கேம்களின் நினைவில், இந்தக் கேமை உருவாக்கிய லூகாஸ் போப் இப்படி அமைத்தாராம். தலையைத் திருப்பும்போது புள்ளிகள் நெளிந்து கண்ணைப் படுத்தாமலிருக்க நெடுநாள் மல்லுக்கட்டியதை அவரே எழுதியிருக்கிறார். செட்டிங்கில் வேறு பழைய மானிட்டர்களின் நிறங்களும் இருக்கின்றன. கமோடோர் நிறத்துக்கு மாற்றினேன். "இது பரவாயில்லை, ஆனா தலைவலி தலைவலிதான்" என்று அண்ணி கரும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரிட்டிஷ் அகாடமியின் பாஃப்டா கேம் விருதுகளில் 2019-இல் கலைக்கும் கேம் வடிவமைப்புக்குமாக இரண்டு விருதுகள் இதற்குக் கிடைத்தன. அண்ணியிடம் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுக்க ஹெட்போனோடு. இந்தக் கேமின் துப்புகளில் பாதி காதில் விழுகிறது. பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் நாடு போட்டிருக்கிறது: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ரஷ்யா, சீனா, பாரசீகம், நியூ கினி, ஃபார்மோசா (இன்றைய தைவான்). ஒரு குரலைக் கேட்டு, இவன் ஐரிஷ்காரன், அப்படியென்றால் இன்னார் என்று எழுதலாம்.

இதைத்தான் பலர் ஆகா ஓகோ என்கிறார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? ஒருவன் 'ஏலே' என்று கூப்பிட்டால் திருநெல்வேலிப் பக்கம் என்று நமக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐரிஷும் வெல்ஷும் என் காதுக்கு ஒரே இங்கிலீஷ். சப்டைட்டில் வார்த்தையைத் தருகிறதே தவிர இழுவையைத் தருவதில்லை. வெளிநாட்டில் படித்த ஒரு தோழி, தனக்கு இதுதான் மிகச் சுலபமான பகுதி என்றாள்! ஒரே புதிர், இரண்டு பேருக்கு இரண்டு கனம்.

போப் இதை யோசிக்காமல் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆட்களைப் பிடிக்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறார். உடுப்பு, யாரோடு சேர்ந்து நிற்கிறான், எந்த மேஜையில் சாப்பிடுகிறான், எந்த அறையிலிருந்து வெளியே வருகிறான். நியூ கினிக்காரரை முகத்துப் பச்சையை வைத்தே பிடித்துவிடலாம். தொங்குபடுக்கைகளில் எண் கட்டியிருக்கிறது. பட்டியலின் வரிசை எண்ணும் அதுவும் ஒன்றுதான் என்று பிடிபட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

நம் ஆட்களும் இருக்கிறார்கள். இந்தியா என்று போட்டு நான்கு மாலுமிகள்: ஆபிரகாம் அக்பர், வில்லியம் வாசிம், சாலமன் சையது, ரென்ஃப்ரெட் ரஜூப். நாலும் மோனை தட்டாத பெயர்கள். கம்பெனிக் கப்பல்களில் லஸ்கர்கள் என்ற பெயரில் நம் நாட்டு மாலுமிகள் வேலை பார்த்தது வரலாறுதான். ஆனால் இந்தப் பெயர்கள் அக்காலக் குமாஸ்தாவின் கைங்கர்யம்போலக் காட்ட வைத்தவையா, போப்பின் விளையாட்டா என்று புரியவில்லை. நால்வரில் இருவர் கத்தியாலும் குண்டாலும் சாகவில்லை. பயணத்தின் ஆரம்பத்திலேயே, குளிரில், நோயில் போகிறார்கள். இத்தனை ரத்தக்களறிக்கு நடுவே அந்தப் பக்கத்தில் கொன்றவர் பெயருக்கு இடமில்லை. எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்த காட்சி அதுதான். யாரும் இதைப் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

ஜனவரி 23, வியாழன்

ஆபீஸில் எதிர் மேஜை நண்பரும் முடித்திருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு சண்டையாகிவிட்டது.

அவர் கடைசிப் பத்துப் பன்னிரண்டு பேரை ஊகத்தில் போட்டவர். இரண்டு பேர் உறுதியாகத் தெரிந்தால் மூன்றாவது முகத்துக்குப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். சரியானது விழும்போது மூன்றும் அச்சேறிவிடும். "விதியில இடம் இருக்கு, செஞ்சேன். நாம செய்யறதும் ஊகம்தானே மேடம்?"

இல்லை என்றேன். சாட்சிகளைச் சீர்தூக்கி, இதுவே நடந்திருக்கக்கூடும் என்று எழுதுவது ஊகம். பூட்டுக்கு வரிசையாகச் சாவி போட்டுப் பார்ப்பது வேறு. எங்கள் வேலையில் மூன்றாவது தாள் பொருந்தியதும் மணி அடித்துச் சொல்ல யாரும் இல்லை.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு விஷயத்தை மறுக்க முடியவில்லை. கடைசி ஆட்களுக்கு வரும்போது துப்பு மிக மெலிந்துவிடுகிறது. நான்கு சீன மாலுமிகளைப் பிரித்தறிய, தொங்குபடுக்கையின் எண்ணையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காலையும் பார்த்து, அதே காலை இன்னொரு நினைவில் தேட வேண்டும். அங்கே சரியான பதில் இருக்கிறது. இல்லையென்று சொல்ல முடியாது. அதைத் தேடும் பொறுமைதான் பலருக்கு அதற்குள் தீர்ந்துபோகிறது. போப்பே தெரிந்து கொஞ்சம் தளர்த்தித்தான் விட்டிருக்கிறார். சிலரின் சாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் கேம் ஏற்கிறது. மூன்று மூன்றாக என்ற விதியும் அப்படித்தான். ஒன்று ஒன்றாகச் சரிபார்த்திருந்தால் எல்லாரும் நண்பர் வழியில் போயிருப்பார்கள். பத்துப் பத்தாக என்றால் பாதிப் பேர் கப்பலை விட்டே குதித்திருப்பார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து வந்து உட்கார்ந்தேன்.

கதை பற்றி. கடலிலிருந்து என்னவெல்லாமோ வருகிறது. விவரம் எழுதவில்லை, இன்னும் ஆடாதவர்கள் இதைப் படிக்கலாம். தோழிக்கு அந்தப் பகுதிகளில் பிடிப்பு போய்விட்டதாம். மனிதர்களுக்குள் நடக்கும் திருட்டு, பழி, பயம், இவ்வளவே போதும், பூதம் எதற்கு என்கிறாள். அறுபது பேரில் ஒருவரையும் ஆளாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்பதும் அவள் குறை. எல்லாரும் சாகிற நொடியில் மட்டும்தானே அறிமுகமாகிறார்கள்.

எனக்குப் பூதத்தில் புகார் இல்லை. இரண்டாவது குறையை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது குறையாகப் படவில்லை. தன் தம்பியைக் கொன்றதாக நினைத்து ஒரு டேனிஷ்காரனை அடித்தே கொல்கிறான் ஒருவன். அவன் நினைத்தது சரியா என்று தெரிந்துகொள்ள வேறொரு அத்தியாயத்துக்குப் போக வேண்டும். அந்த இடைவெளியில் அவனை எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

இசையும் போப்புடையதுதான். கேமை ஏறக்குறைய ஒற்றை ஆளாகச் செய்தவர். ஒவ்வொரு சாவுக்கும் திடுமென்று முழங்கும் அந்த வாத்தியங்கள் ராத்திரியில் பக்கத்து அறை வரை கேட்கின்றன. அந்த அறைக்காரர் இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டார்.

பிப்ரவரி 1, சனி

முடிந்தது. அறுபதும் அச்சில்.

புதிர் முடிந்த பிறகு வரும் கடிதத்தைப் பற்றி ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை? நாம் எழுதிக் கொடுத்ததை வைத்துக் கம்பெனி கணக்குப் போடுகிறது. கடமையில் செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு. கொலை செய்தவனின் சொத்தில் அபராதம். ஒரு பக்கம் முழுக்கப் பெயரும் தொகையும்.

தம்பிக்கு அது வெறும் முடிவுரை. வேகமாக உருட்டிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறான். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பயத்தில் சுட்டவனும் பேராசையில் குத்தியவனும் அந்தத் தாளில் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். கப்பல் புறப்பட்டு ஐந்து வருடம் கழித்து, புருஷன் கடலில் போய்விட்டான் என்று மட்டும் தெரிந்த ஒருத்திக்கு, அபராதம் கட்டு என்று ஒரு தாள் போகும். நான் ஆராய்ந்து கண்டுபிடித்த உண்மைக்கு அதுதான் உபயோகம். எதிர் மேஜை நண்பர் பெயரை மாற்றி மாற்றிப் போட்டாரே, அந்தப் பெயர்களுக்கும் இதே தாள் போயிருக்கும்! திங்கட்கிழமை இதைச் சொல்லித்தான் அவரை மடக்க வேண்டும்.

பூட்டியிருந்த அத்தியாயம் ஒன்றும் திறந்தது. அதை எழுதமாட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நண்பர் மடங்கவில்லை. "பெயர் சரியாத்தானே இருந்துச்சு, தாள் சரியான வீட்டுக்குத்தானே போச்சு?" என்றார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி அடுத்ததாக 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' அனுப்பியிருக்கிறான். 2022-இல் வந்தது, அதிலும் உறைந்த காட்சிகள், நிரப்ப வேண்டிய பெயர்கள், ஆனால் நடை கிடையாது என்கிறான். பெரியப்பா மகன் அதைக் கேட்டதும் உடனே இறக்கிவிட்டான். அண்ணியிடம் வண்ணப் படம் என்று சொல்லி ஆசை காட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரிச் சமையலை அண்ணன் பார்த்துக்கொண்டால் ஆடுகிறேன் என்றாராம். அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை.