நாக்கின் கீழ்க் குளிசை

19 மார்ச் 2020, வியாழன்
இன்றிலிருந்து குளோபிடோகிரல் இல்லை, அந்த இரத்தம் உறையாமல் வைக்கிற குளிசை. வெட்டும்போது இரத்தம் நிற்காது என்று ஐந்து நாள் முன்னமே நிறுத்தச் சொன்னார்கள். அஸ்பிரின் மட்டும். செவ்வாய் 24, இருதய பைபாஸ். இவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலிலிருந்து நாளம் எடுத்து நெஞ்சில் தைப்பார்கள் என்பதை இன்னும் நம்பவில்லை.

20 மார்ச்
மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு.

21 மார்ச்
ஆஸ்பத்திரியிலிருந்து போன். 24 இல்லையாம். எப்போது என்றும் இல்லை. அந்த மிஸ் பாவம், காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதையே சொன்னாவோ. ஐ.சி.யு. கட்டிலையும் வென்டிலேட்டரையும் கொரோனாவுக்கு ஒதுக்க வேண்டும், இரத்தமும் தட்டுப்பாடு. பைபாஸ் முடிந்து வருகிறவருக்கும் அதே கட்டில், அதே மெஷின்தானே. அவசரமில்லாதவை எல்லாம் தள்ளிவைப்பாம். மூன்று குழாயும் அடைபட்ட மனிதர் அவசரமில்லாதவர். சரி. நிறுத்திய குளிசையைத் திரும்பத் தொடங்குவதா? அதைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். நானேதான் வைத்தேன்.

22 மார்ச்
பதினான்கு தரம் எடுத்தேன். எங்கேஜ்.

23 மார்ச்
டொக்டர் கிடைத்தார். இன்றிரவே தொடங்கட்டுமாம். நாலு நாள் வெறும் அஸ்பிரினோடு இருந்திருக்கிறார்.

24 மார்ச்
இன்று வெட்டியிருப்பார்கள். அதற்குப் பதிலாக ஊரடங்கைக் கொஞ்ச நேரம் எடுத்தார்கள். பாமசி வரிசை கொழும்பு-காலி வீதி வரைக்கும். ஜீ.டி.என். முப்பது குளிசை கிடைத்தது, நெஞ்சு நோ வந்தால் நாக்கின் கீழ் வைக்கிறது. சின்ன மண்ணிறக் கண்ணாடிப் போத்தல். பாமசிப் பொடியன் மூடியில் இன்றைய திகதியை எழுதி, திறந்து எட்டுக் கிழமைக்கு மேல் பாவிக்கக் கூடாது என்றான். பருப்பு கிடைக்கவில்லை.

28 மார்ச்
நாட்டில் முதல் கொரோனாச் சாவு. இவர் எழும்பி டிவியை நிறுத்தினார்.

2 ஏப்ரல்
ரயில் ஓடாததால் வெள்ளவத்தைக் கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது போல இரைகிறது. இவருக்குத் தலையிடி. பனடோல் ஒன்று.

9 ஏப்ரல்
கிளினிக் மருந்து தபாலில் வந்தது. தபால்காரர் மூன்று மாடியும் ஏறி, கதவடியில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே கதிரையில் இருந்த இவரும் அவரோடு சேர்ந்து மூச்சு வாங்கியது போல இருந்தது. எனக்கு இப்போது எல்லாம் அப்படித்தான் தெரிகிறது. திரும்பவும் பனடோல்.

13 ஏப்ரல்
வருடப் பிறப்பு. மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் வந்தாள். "அப்பா எப்படி?" "கல்லுப் போல இருக்கிறன்." கைவிசேஷக் காசைத் திரையில் காட்டிவிட்டுத் திரும்ப பெட்டிக்குள் வைத்தார்.

17 ஏப்ரல்
போத்தலை மேசையில் கொட்டி எண்ணினேன். 19. அவர் எடுத்ததை நான் கண்டது இரண்டு தரம். மிச்சம் ஒன்பது? இரண்டாந்தரமும் எண்ணினேன். அப்போதுதான் அந்தப் பனடோல்கள் விளங்கின. இந்தக் குளிசை தலையிடி தரும் என்று கிளினிக்கில் முதல் நாளே சொன்னார்கள்.

18 ஏப்ரல்
சண்டை. "உமக்குச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுப்பீர். நெஞ்சுவலியோடு போறவன் கொரோனாவோடு எரிவான். உமக்கு முகம்கூடக் காட்ட மாட்டினம்." டொக்டர் போனில் கேட்டபோதும் நோவே இல்லை என்றிருக்கிறார். அழவில்லை. சோறு குழைந்துவிட்டது.

30 ஏப்ரல்
16.

11 மே
அடையாள அட்டை கடைசி இலக்கத்தின்படி வெளியே போகலாம். முடிவில் வருகிற 'வி' எழுத்துக்கு முன்னால் உள்ளதுதான் கடைசி இலக்கம் என்று விளங்கவே பாதி நாள் போனது. இவருடையது 7, வியாழன். ஆஸ்பத்திரிக்குப் போக இலக்கம் தேவையில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறார் இல்லை.

14 மே
போனோம். ஓட்டோவில் ஒரு வார்த்தை இல்லை. ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தபடி டொக்டர், "ஐயா, எத்தனை குளிசை எடுத்தீர்கள்?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். லிஸ்டில் முன்னுக்கு எடுக்கிறாராம். இவருக்கு முன்னாலேயே நிறையப் பேர் நிற்கிறார்கள் என்றும் சொன்னார், மறைக்கவில்லை.

19 மே
எட்டுக் கிழமை. புதுப் போத்தல். பழையதில் 9 மிச்சம், எறிய மனம் வரவில்லை.

30 மே
போன் வந்தது. ஜூன் 9, செவ்வாய். முதலில் பி.சி.ஆர். இந்தத் தரம் குளிசையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

4 ஜூன்
குளோபிடோகிரல் நிறுத்தம்.

6 ஜூன்
மூக்கில் குச்சி விட்டதற்குத் தும்மி, அந்தப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்டார். படியில் பதினாறாவதில் நின்றார். நானும் நின்றேன், சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி.

7 ஜூன்
பி.சி.ஆர். முடிவு இன்னும் இல்லை. போத்தலில் 22.