காரணம்: வாடிக்கையாளரின் கருவி

புகார் டிக்கெட்டை முடித்துவைக்கும்போது கடைசியில் ஒரு கட்டம் வரும்: 'காரணம்'. அதில் நம் விருப்பப்படி எழுத முடியாது. பட்டியலில் உள்ளவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிள் பழுது, மின்தடை, வீட்டு வைஃபை, வாடிக்கையாளரின் கருவி, மற்றவை. இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இணையச் சமநிலை பற்றி யாராவது பேச்செடுத்தால், சட்டமும் நீதிமன்றமும் பிறகுதான் வரும். முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பட்டியல்.

கொள்கை எளியதுதான். எந்தத் தளத்திலிருந்து தரவு வந்தாலும் சேவை நிறுவனம் அதைத் தடுக்கக் கூடாது, வேண்டுமென்றே மெதுவாக்கக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு ஒருவரை மட்டும் முன்னால் விடக் கூடாது. சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் எழுதிய கட்டுரைதான் இதற்கு 'நெட் நியூட்ராலிட்டி' என்ற பெயரைப் பரப்பியது. அந்தப் பெயரை நான் கேள்விப்படுவதற்கு முன்பே அதை மீறியிருந்தேன்.

ஒருநாள் மாலை மேலாளர் என் மேசைக்கு வந்தார். செயலிகள் வழியாகப் பேசும் அழைப்புகளை இரவு ஏழு மணி முதல் பதினொரு மணி வரை கடைசி வரிசைக்குத் தள்ளச் சொன்னார். "நெரிசல் அதிகமாக இருக்கிறது, அதனால்தான்" என்றார். ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு நூறு கிலோபிட் கூடத் தேவைப்படாது. தெளிவான ஒரு வீடியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். படகு மூழ்கப்போகிறது என்று சொல்லி, யானையை உட்காரவைத்துவிட்டு எறும்பை இறக்கிவிடுவது போன்ற வேலை. எங்கள் நிறுவனமே கட்டண அழைப்புச் சேவை ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கைந்து வரிக் கட்டளைதான், தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வரிசையில் பின்னால் தள்ளுவது என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சுக்குரல் பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டாக, அதாவது சிறு தரவுத் துண்டாக, நறுக்கப்பட்டுப் பயணப்படுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்தால் பேசுபவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். பிந்தி வரும் பாக்கெட்டால் பயனில்லை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுச் செயலி அடுத்ததை ஒலிக்கும். வீடியோ அப்படியல்ல. அது முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்வதால் சின்னத் தாமதத்தைத் தாங்கும். எனவே எங்கள் கட்டளை எல்லோருக்கும் இணையத்தை மெதுவாக்கவில்லை. மனிதக் குரலை மட்டும் உடைத்தது.

மறுவாரம் ஒரு பெரியவர் அழைத்தார். "மற்றதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது தம்பி. மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் மட்டும் பாதிப் பேச்சை யாரோ விழுங்குகிறார்கள்." வேறு எவரும் இவ்வளவு துல்லியமாகப் பழுதைச் சொன்னதில்லை. "ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் ஐயா" என்றேன். அணைத்துப் போட்டார். பத்து நாள் கழித்து மறுபடி அழைத்தபோது புது ரவுட்டரே வாங்கிவிட்டிருந்தார். அப்போதும் குரல் உடைந்தது. 'வாடிக்கையாளரின் கருவி' என்று தேர்ந்தெடுத்து டிக்கெட்டை மூடினேன்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சாதாரணப் பயனருக்கு இந்த விதிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. ஒரு தளத்தை அடியோடு தடுத்தால் திரையில் தெரிந்துவிடும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். மெதுவாக்கினால் அவரவர் தங்கள் தொலைபேசியைச் சந்தேகிப்பார்கள், வைஃபையைச் சந்தேகிப்பார்கள், சிலர் தங்கள் காதையே சந்தேகிப்பார்கள். நிறுவனத்தைச் சந்தேகிப்பவர் அபூர்வம்.

அமெரிக்காவில் 2007-இல் காம்காஸ்ட் நிறுவனம் செய்தது இதைவிடத் தந்திரமானது. பிட்டோரண்ட் வழியாகக் கோப்பு பகிர்ந்துகொண்டிருந்த இரு கணினிகளுக்கும், எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிட்டது போன்ற பொய்ச் செய்தியை இடையிலிருந்து அனுப்பியது. இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் இருவர் குரலிலும் 'சரி, வைக்கிறேன்' என்று சொல்வதைப் போல. பாக்கெட்டுகளைப் பிடித்து ஆராயத் தெரிந்த ஒரு பயனர் கண்டுபிடித்ததால்தான் அது வெளியே வந்தது. அவர் இல்லாமல் இருந்திருந்தால் அத்தனை பேரும் என் பெரியவரைப் போல ரவுட்டரை மாற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நாடுகள் இதை எப்படி எதிர்கொண்டன என்பது நீண்ட கதை. சிலி 2010-இலேயே சட்டம் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் குறுஞ்செய்திச் செயலிகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் அறிவிக்கப்போய், கிளம்பிய எதிர்ப்பில் 2012-இல் சட்டமே வந்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஊஞ்சல்: 2015-இல் விதி, 2017-இல் ரத்து, 2024-இல் மறுபடி விதி, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது.

தடுப்பதும் மெதுவாக்குவதும் தவறு என்பதில் எனக்குக் குழப்பமில்லை. குழப்பம் இலவசத்தில்தான். குறிப்பிட்ட சில செயலிகளைப் பயன்படுத்தினால் டேட்டா கழியாது என்ற திட்டத்தை எங்கள் விற்பனைப் பிரிவு கொண்டுவந்தபோது, "யாரையும் மெதுவாக்கவில்லையே, கொடுக்கத்தானே செய்கிறோம்?" என்று கேட்டார்கள். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. என் வீட்டிலேயே அந்தத் திட்டம்தான் இருந்தது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த பிறகும் அந்த ஒரு செயலி மட்டும் விழித்திருக்கும். சில மாதங்களில் எங்கள் வீட்டில் இணையம் என்றாலே அந்தச் செயலி என்று ஆகிவிட்டது. நேற்று தொடங்கப்பட்ட ஒரு சின்னச் செயலி அதைவிட நன்றாக இருந்தாலும் எங்கள் வீட்டுக்குள் நுழைய வழியில்லை. வாசலிலேயே காசு கேட்டால் யார் எட்டிப்பார்ப்பார்கள்?

இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரியில் தடை விதித்தது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அங்கே அதோடு நின்றது. டேட்டா தீர்ந்த பிறகும் தேர்ந்தெடுத்த செயலிகளை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு மற்றவற்றை முடக்கும் திட்டம் விதிக்குப் புறம்பானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020-இல் சொன்னது. இரண்டும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கையில் காசு குறைவாக உள்ள ஒருவர், கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றை இழக்கிறார் என்பதும் உண்மை. அதை மறைத்துவிட்டுப் பேசும் ஆதரவாளர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை.

எங்களுக்கும் விதிகள் வந்தன. வந்த அன்று கட்டுப்பாட்டு அறையில் எதுவும் நடக்கவில்லை. மாற்றம் ஒரு படிவமாகத்தான் வந்தது. போக்குவரத்தில் கைவைக்கும் எந்தக் கட்டளைக்கும் என்ன காரணம், எத்தனை மணி நேரத்துக்கு, யார் ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உண்மையான நெரிசலில் அழைப்பை முன்னால் விட்டு மின்னஞ்சலை ஒரு நொடி காக்கவைக்க அனுமதி உண்டு, ஆனால் அதையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அடுத்த முறை மேலாளர் மேசைக்கு வந்தபோது படிவத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "இருக்கட்டும், பார்க்கலாம்" என்று திரும்பிப் போனார். அவரை எதிர்த்துப் பேசும் துணிச்சல் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அந்தத் தாள் எனக்காகப் பேசியது.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை எங்கள் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்தன. அவற்றின் வீடியோ பக்கத்து அறையிலிருந்து வந்தது. சின்னத் தளங்களின் தரவோ நெரிந்து கிடக்கும் வெளி இணைப்பு வழியாக வந்தது. யாரும் யாரையும் மெதுவாக்கவில்லை, விதி எதுவும் மீறப்படவில்லை, ஆனாலும் ஒன்று ஓடியது, மற்றொன்று திணறியது. அந்த வெளி இணைப்பைப் பெரிதாக்குவது பற்றிக் கூட்டங்கள் நடந்தன. கூட்டங்கள் மட்டும்தான்.

டிக்கெட் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'போக்குவரத்து மேலாண்மை'. கீழே உருட்டினால்தான் கண்ணில் படும். அது வந்த நாளில் பழைய பெரியவரின் டிக்கெட்டைத் தேடி எடுத்தேன். காரணத்தை மாற்றலாமா என்று பார்த்தேன். மூடிய டிக்கெட்டில் திருத்தம் செய்ய அனுமதி இல்லை என்று திரையில் வந்தது.