பூனைக்குட்டிகளின் சிகிச்சைக்கு அறக்கட்டளை உதவி பெற்ற அனுபவம்

எங்கள் தெருவில் மீட்ட மூன்று பூனைக்குட்டிகளும் வாந்தியும் கழிச்சலுமாகச் சோர்ந்துபோனபோது, பரிசோதனையில் அது பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் என்று தெரிந்தது. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு நெருங்கிய உறவான இந்த வைரஸ் வெள்ளணுக்களை அழித்துவிடுகிறது. இதற்கென நேரடி மருந்து கிடையாது. நீரிழப்புக்கு டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, வேறு தொற்று சேராமலிருக்க ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றைக் கொடுத்து, குட்டியின் உடல் தானே மீளும்வரை காத்திருக்க வேண்டும். சென்னையில் குறைந்த கட்டணத்தில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்றாலும், அவ்வளவு தொலைவு செல்லும் நிலையில் குட்டிகள் இல்லாததால் அருகிலிருந்த தனியார் மருத்துவமனையிலேயே சேர்த்தோம்.

நிதி கேட்பதில் உள்ள உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எலும்பு முறிவு என்றால் அறுவை சிகிச்சைக்கு ஒரு தொகையை எழுதித் தந்துவிடலாம். இந்த நோயில் குட்டி எத்தனை நாள் உள்நோயாளியாக இருக்கும் என்பதை எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் அணுகிய அறக்கட்டளையோ மொத்தத் தொகையைக் கேட்டது. எங்கள் மருத்துவர் ஒரு குட்டிக்கு ஒரு நாள் ஆகும் செலவைத் தனியாகவும், பரிசோதனைச் செலவைத் தனியாகவும் தம் கடிதத்தாளில் எழுதி, எந்த நிலையில் சிகிச்சையைத் தொடர்வதா என்று மறுபடி முடிவெடுப்போம் என்பதையும் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டார். அந்தக் கடிதத்துடன் பரிசோதனை முடிவையும், மருத்துவமனையின் வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பிய பிறகே ஒப்புதல் கிடைத்தது. பணம் என் கைக்கு வராமல் நேராக மருத்துவமனைக்கே சென்றது. அதுவே சரியான முறை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

உதவ முன்வந்த நண்பர்களையும் அறக்கட்டளைக்கே செலுத்தச் சொன்னேன். வருமான வரித் துறையின் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடையாது. என் யுபிஐ எண்ணுக்கு உறவினர்கள் அனுப்பிய சிறு தொகைகளைத் தனிக் கணக்காக வைத்து, குட்டிகளுக்கான பால்மாவுக்கும், தரையைக் கழுவும் பிளீச்சிங் கரைசலுக்கும் மட்டுமே செலவிட்டேன். சாதாரண சானிடைசருக்கு இந்த வைரஸ் அழியாது என்பதையும், வீட்டில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும் என்பதையும் மீட்புப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மிகச் சிறிய குட்டி இறந்தது. அன்றே அறக்கட்டளைக்கும் நன்கொடையாளர்களுக்கும் அதைத் தெரிவித்து, அதுவரையான பில்லை இணைத்து அனுப்பினேன். யாரும் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. மற்ற இரண்டும் தேறி வீடு வந்தபோது ஒதுக்கிய தொகையில் சிறிது மிஞ்சியிருந்தது. அறக்கட்டளையின் எழுத்துப்பூர்வ இசைவோடு, அது குட்டிகளின் தடுப்பூசிக்கும் தாய்ப்பூனையின் கருத்தடைக்கும் அதே மருத்துவமனையில் வரவு வைக்கப்பட்டது.